ஐயாவின் காதும் இரண்டு சிறு பெட்டிகளும்

எங்கள் வீட்டில் சங்கீதம் நின்றுபோய் மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. நின்றுபோனதை நாங்கள் அறியாமல் இல்லை. ஆனால் ஏன் நின்றது என்று ஒருவரும் வாய்திறந்து கேட்கவில்லை. 2020ஆம் ஆண்டில் அம்மா காலமான பின்னர்தான் ஐயா பாட்டுக் கேட்பதை விட்டார். ஆகவே காரணம் இன்னதென்று நாங்களாகவே தீர்மானித்துக்கொண்டு, ஒரு முதியவரின் துயரத்தைக் கிளறலாகாது என்று ஒதுங்கியிருந்தோம். பன்னிரண்டு வயதான என் மகளுக்கு இத்தகைய நாகரிகங்கள் இன்னும் படியவில்லை. ஒருநாள் மாலை, வெள்ளவத்தையிலுள்ள எங்கள் மாடிவீட்டில் எல்லோரும் தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில், "அப்பப்பா, நீங்கள் ஏன் இப்ப பாட்டே கேக்கிறதில்லை?" என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

"காது போச்சுப் பிள்ளை. பாட்டுக் கேக்குது, சங்கீதம் கேக்கேல்லை" என்றார் ஐயா.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மூன்று வருடங்களாகத் துயரம் என்று நாங்கள் எண்ணி மரியாதை செய்துவந்தது, பாதியேனும் ஒரு காதுக் கோளாறாக இருந்திருக்கிறது!

ஐயா தொழில்முறைச் சங்கீத வித்துவான் அல்லர். யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்த ஆசிரியர். இளமையில் முறையாக வயலின் பயின்று, ஊர்க் கோயிலில் பண்ணிசை பாடுவோருக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர். 1968ஆம் ஆண்டில் ஒருவரிடம் பழையதாக வாங்கிய றேடியோகிராம் ஒன்று எங்கள் வீட்டு விறாந்தையை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் கீழ்த்தட்டில் இசைத்தட்டுகளும் மேல்மூடியில் அம்மாவின் பூச்சாடியும் இருக்கும். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதக் கடைசியில் வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்ட அந்த மழையிரவில், ஐயா வயலினைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டார். மறு வருடம் திரும்பிச் சென்றபொழுது வீடு இருந்தது, றேடியோகிராம் இருக்கவில்லை. அதைப்பற்றி அவர் ஒரு சொல்லும் சொன்னதில்லை. இப்பொழுது விரல் மூட்டுகள் இறுகிவிட்டபடியால் வயலினும் உறையை விட்டு வெளிவருவதில்லை. கேட்பது ஒன்றே அவருக்கு மிஞ்சியிருந்த சங்கீதம். அதுவும் போயிற்றென்றால் சும்மா இருக்கலாமா?

முதலில் செவிப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றேன். ஒரு சிறு கண்ணாடி அறையினுள் இருத்தி, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாகக் கேட்கச் செய்து, ஒரு வரைபடம் கீறித் தந்தார்கள். கணித ஆசிரியர் அல்லவா? ஐயாவே அதை வாங்கி வாசித்தார். விநாடிக்கு 1,000 அதிர்வு வரையில் கோடு ஏறக்குறைய நேராகச் சென்றது. 2,000ஐத் தாண்டியதும் சரியத் தொடங்கி, 4,000க்கு அப்பால் கிணற்றில் விழுந்தாற்போல் இறங்கிற்று. முதுமையில் காது இப்படித்தான் தேயுமாம். மேல் ஒலிகள் முதலிற் போகும், கீழ் ஒலிகள் நெடுநாள் நிற்கும். 'ச', 'த', 'ப' முதலிய எழுத்துகளின் கூர்மை அந்த மேற்பகுதியிலே தங்கியிருப்பதால்தான், முதியோர் "பேசுவது கேட்கிறது, சொல் விளங்கவில்லை" என்கிறார்கள். செவிக்கருவி ஒன்றும் வாங்கினோம். பேச்சுக்கு அது நல்ல துணை. ஆனால் அத்தகைய கருவிகள் பெரும்பாலும் பேச்சை எண்ணியே அமைக்கப்படுவன. வயலின் நாதத்தை அது தகரத்தில் கீறியதுபோல ஆக்குகிறது என்று கூறி, பாட்டு வேளையில் ஐயா அதைக் கழற்றி வைத்துவிட்டார்.

நிற்க. வீட்டில் அப்பொழுது இருந்த கருவிகளைப்பற்றியும் சொல்ல வேண்டும். தொலைக்காட்சிப் பெட்டி மெலிந்து மெலிந்து ஒரு சிலேற்றுப் பலகையளவாகிவிட்டது. அதன் ஒலிப்பான் பின்புறமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கைத்தொலைபேசியிலோ கீழ் ஒலி என்பதே இல்லை. மிருதங்கத்தின் தொப்பி வாசிக்கப்படுவதற்கு அடையாளமாக ஒரு 'டொக்கு' மட்டும் வரும். இவற்றைக் கண்டு இரங்கிய என் மைத்துனர் ஒரு நீள்பெட்டியும், தரையில் வைக்கும் ஒரு 'பேஸ்' பெட்டியும் அன்பளிப்பாகக் கொண்டுவந்தார். பாட்டுப் போட்டால் ஜன்னல் அதிர்ந்தது. ஐயா ஐந்து நிமிடம் இருந்துவிட்டு, தலையிடிக்கிறது என்று எழுந்து போனார்.

அதன் காரணத்தை நான் பின்னரே அறிந்தேன். பலத்த கீழ் ஒலியானது தனக்கு மேலேயுள்ள மெல்லிய ஒலிகளை நம் செவியினுள்ளேயே மூடிவிடுமாம். மேல் ஒலிகள் ஏற்கெனவே மங்கிப்போன காதில் இந்த மூடுதல் இன்னும் கொடியது. ஐயாவுக்கு வேண்டியது பெரிய சத்தமன்று, முழக்கமும் அன்று. குரலும் வயலினும் வாழ்கின்ற அந்த நடுப்பகுதி துலக்கமாயிருக்க வேண்டும். கீழ் ஒலி அளவோடு, ஆனால் பொய்யில்லாமல், வந்தாற் போதும். இதை மனத்திற் கொண்டு நான் கடைக்குப் புறப்பட்டேன்.

கொழும்பில் ஒரு கடை. பெயர் வேண்டாம். நெஞ்சளவு உயரமுள்ள பெட்டிகள் நீலமும் சிவப்புமாக மின்னிக்கொண்டிருந்தன. "ஆயிரம் வாட்டு, சேர்" என்றார் விற்பனையாளர். ஆயிரம் வாட்டை எங்கள் கூடத்தில் வைத்து என்ன செய்வது? நாம் பேசிக்கொள்ளும் அளவுக்குச் சற்று மேலாகப் பாட்டுக் கேட்க, ஒரு வாட்டுக்குள்ளேயே பெரும்பாலும் காரியம் முடிந்துவிடும். அன்றியும், சத்தம் இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் மின்வலுவை ஏறக்குறையப் பத்து மடங்காக்க வேண்டும். ஆகவே ஐம்பது வாட்டுக்கும் நூறு வாட்டுக்கும் இடையே காது காணும் வேற்றுமை மிகச் சொற்பம். பெட்டியில் எழுதியிருக்கும் பெரிய எண்களிற் பல, கண்ணிமைக்கும் பொழுதில் வந்து மறையும் உச்சத்தைக் கணக்கிட்டு எழுதியவை. இவற்றையெல்லாம் அவரிடம் சொல்லி விவாதிக்க நான் முயன்றேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். அவர் புன்னகையுடன் சத்தத்தை இன்னும் கூட்டினார்.

எனக்குள்ளும் ஓர் ஐயம் இருக்கத்தான் செய்தது. அந்தப் பழைய றேடியோகிராமின் பெருமையெல்லாம் அதன் பருமனில்தான் இருந்தது என்று நாங்கள் நம்பி வளர்ந்தவர்கள். புத்தக அலுமாரியில் அடங்கும் ஒரு சிறு பெட்டி அந்த நாதத்தைத் தருமா? ஒரு காலத்தில் தராது என்பதே உண்மை. கீழ் ஒலி வேண்டுமென்றால் அலுமாரியளவு பெட்டி கட்டினார்கள். 1954ஆம் ஆண்டில் எட்கார் வில்ச்சர் என்ற அமெரிக்கர் அந்த வழக்கத்தை மாற்றினார். காற்றுப் புகாமல் மூடிய பெட்டியினுள்ளே அடைபட்ட காற்றையே ஒரு வில்லாக்கி, தளர்வாகக் கட்டிய கூம்பை அந்தக் காற்றே தாங்கிப் பிடிக்கும்படி அவர் அமைத்தார். அதனால், முன்பு பெரும் பெட்டிகள் தந்த கீழ் ஒலியை ஒரு தட்டில் வைக்கத்தக்க பெட்டியும் தந்தது. எழுபதுகளில் பி.பி.சி. பொறியியலாளர்கள், வெளியிட ஒலிபரப்புக்குச் செல்லும் வண்டிகளின் நெருக்கடிக்குள் வைத்துக் கேட்பதற்காக, எல்.எஸ். 3/5ஏ என்ற பெட்டியை வகுத்தார்கள். உயரம் 30 சென்ரிமீற்றர், அகலம் 19, ஆழம் 16. இடியோசை அதனிடம் கிடையாது. மனிதக் குரலோ அதில் மனிதக் குரலாகவே ஒலித்தது. அரை நூற்றாண்டு கழிந்தும் அதைத் தேடி வாங்குவோர் இருக்கிறார்கள். வண்டிக்குள் வேலை செய்தவர்களுக்கு வேண்டியதும் என் ஐயாவுக்கு வேண்டியதும் ஒன்றே என்று எனக்குத் தோன்றியது.

புதியது வாங்குவது எங்கள் கைக்கு எட்டாது. 2022ஆம் ஆண்டில் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து இரண்டு மாதங்களுள் 360 ரூபாவுக்கு ஏறியதன் பின்னர், கடல் கடந்து வரும் எப்பொருளின் விலையையும் உரக்கச் சொல்லவே கூச்சமாயிருந்தது. ஆனால் அதே இடர்க்காலம் வேறொரு வாசலைத் திறந்துவைத்திருந்தது: நாட்டை விட்டுப் போகிறவர்கள் வீட்டுப் பொருள்களை விற்றார்கள். அப்படி முதலில் நான் பார்த்த சோடி மிக அழகானது. ஆயினும் அதன் கூம்பைச் சுற்றியிருந்த நுரைவளையத்தை விரலால் மெல்லத் தொட்டதும், அது பழைய கேக்குத்துண்டு போல உதிர்ந்தது. எங்கள் கடற்காற்றில் நுரை வெகுகாலம் நிற்பதில்லை. பழையது வாங்குவோர் முகப்புத் துணியைக் கழற்றிப் பார்க்காமற் காசு கொடுக்கக்கூடாது. இரண்டாவது சோடி கனடாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஓர் இளைஞரிடம் இருந்தது. ஐந்து அங்குலக் கூம்பு, அதற்கு மேலே ஓர் அங்குலக் குமிழ், றப்பர் வளையம், செருகு பலகை மேற்பூச்சு. ஒரு சிறிய அம்பிளிபயரும் சேர்த்து 65,000 ரூபா கேட்டார்.

இங்கேதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியத்தைச் சொல்ல வேண்டும். கடைகளில் அவர்கள் போட்டுக்காட்டும் பாட்டைக் கேட்டு நான் ஏமாந்திருந்தேன். எனவே இம்முறை எங்கள் பாட்டை நானே கொண்டு சென்றேன். டி. கே. பட்டம்மாள் பாட, பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் வாசித்த பழைய கச்சேரிப் பதிவு. சிறுவயது முதல் வீட்டில் கேட்டுக் கேட்டு, எங்கே இருமல் வரும், எங்கே கைதட்டல் வரும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பழக்கமில்லாத பாட்டில் எந்தப் பெட்டியும் நன்றாகத்தான் பாடும். இளைஞரின் வெறுமையான அறையில், பயணப் பெட்டிகளுக்கு நடுவே, ஒரு மணித்தியாலம் இருந்து கேட்டேன். மிருதங்கத்தின் வலந்தலையும் தொப்பியும் இரு வேறு தோல்கள் என்பது தெளிவாகக் கேட்டது. ஐந்து அங்குலக் கூம்புக்கு ஒரு வரம்பு உண்டு. ஒரு கட்டைச் சுருதியில் ஆண்கள் மீட்டும் தம்புராவின் மந்தர சட்ஜம் விநாடிக்கு ஏறக்குறைய 65 அதிர்வு. இத்தகைய பெட்டி அதை எட்டித் தொடும், அதற்குக் கீழே இறங்காது. கர்நாடக சங்கீதத்தில் அதற்குக் கீழே பெரிதாக என்ன இருக்கிறது? வாங்கிவிட்டேன். அந்தப் பையன் பெட்டிகளைத் துடைத்துத் தருகையில் ஒருகணம் கையை எடுக்காமலே நின்றான். நான் பார்க்காதவன் போலிருந்தேன்.

வீட்டிலே அடுத்த பிரச்சினை. எங்கள் கூடத்தில் மூன்றடி உயரமும் ஆறடி நீளமும் உள்ள ஒரு புத்தக அலுமாரி இருக்கிறது. அதன் மேலே நடுவில் அம்மாவின் படமும் ஒரு சிறு குத்துவிளக்கும். பெட்டிகளை அலுமாரியின் உட்தட்டில், புத்தகங்களோடு வைக்கலாம் என்று முதலில் எண்ணினேன். பெயரே புத்தகத்தட்டுப் பெட்டி அல்லவா? வைத்துக் கேட்டபொழுது பானைக்குள்ளிருந்து பாடுவது போலிருந்தது. இப்பெட்டிகளின் முதுகில் காற்று வெளியேற ஒரு துளை உண்டு. அதைச் சுவருக்கோ மூலைக்கோ நெருக்கினால் கீழ் ஒலி வீங்கிவிடும். ஆகவே அலுமாரியின் மேற்பரப்பில் இரு முனைகளிலும், முன் விளிம்பையொட்டி வைத்தேன். அப்படியும் சற்று வீக்கம் இருந்தது. சப்பாத்துக்குள் போடும் மேசு இரண்டைச் சுருட்டித் துளைகளில் அடைத்தேன்.

"அறுபத்தையாயிரம் குடுத்து வாங்கி அதுக்குள்ளை பழைய மேசை அடைக்கிறியள்" என்றாள் மனைவி. நியாயமான கூற்றுத்தான். ஆனால் வீக்கம் அடங்கியதை அவளும் கேட்டாள். எங்கள் கூடம் சீமெந்துச் சுவரும் வழுவழுத்த தரையோடுமாக, கைதட்டினால் திருப்பித் தட்டும் இடம். அவள் தானாகவே இரண்டு பெரிய பாய்களைத் தரையில் விரித்து, எதிர்ச்சுவரில் ஒரு தடித்த திரைச்சீலையைத் தொங்கவிட்டாள். எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் பெட்டியால் ஆகாத காரியத்தை அந்தப் பாயும் சீலையும் செய்தன என்றே சொல்வேன்.

ஐயாவின் சாய்மனைக் கதிரையை அலுமாரிக்கு நேரே ஆறடி தூரத்தில் போட்டேன். இரு பெட்டிகளும் அவரும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகள். மேல் ஒலி ஒளிக்கற்றை போல நேராகச் செல்வது. அந்தச் சிறு குமிழ் காதின் உயரத்தில், காதைப் பார்த்து இருக்க வேண்டும். தேய்ந்த காதுக்கு இது இன்னும் அவசியம். அளவுநாடாவை வைத்து எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, மாலை ஐந்து மணியளவில், அம்பிளிபயரின் பின்புறத்தில் வயர்களைப் பூட்டினேன். அந்த மூலையில் வெளிச்சம் போதாது.

பட்டம்மாளின் பதிவு தொடங்கியது. எனக்கு நன்றாகவே கேட்டது. மகள் தலையாட்டினாள். மனைவி அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். ஐயா கண்ணை மூடி இருந்தார், நெற்றி சுருங்கியது. ஒரு வர்ணத்தில் பாதி சென்றிருக்கும்.

"தம்பி, உந்த அம்மா எங்கை நிண்டு பாடுறா?"

எனக்கு விளங்கவில்லை.

"அவ ஓரிடத்திலையும் இல்லை. அங்கையும் இல்லை, இங்கையும் இல்லை. மணி ஐயற்றை தொப்பியும் காணேல்லை. எனக்குக் காது போனது வேறை, இது வேறை. ஏதோ பிழை விட்டிட்டாய், பார்."

கைவிளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். இடப்புறப் பெட்டியில் சிவப்பு முனைக்குக் கறுப்பு வயரும், கறுப்பு முனைக்குச் சிவப்பு வயரும் பூட்டியிருந்தேன். அப்படி மாறிப் பூட்டினால் ஒரு கூம்பு முன்னே தள்ளும்பொழுது மற்றது பின்னே இழுக்கும். இரண்டின் கீழ் ஒலியும் நடுவழியிற் சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடும். அந்தக் காலத்துப் பதிவு ஒற்றைத் தடத்திற் பதியப்பட்டது. சரியாகப் பூட்டினால் குரல் இரு பெட்டிகளுக்கும் நட்ட நடுவிலே வந்து நிற்கும். பிசகினால் அறையெங்கும் இடமில்லாமல் அலையும். கேட்டதெல்லாம் நன்றாயிருக்கிறது என்று தலையாட்டிய மூன்று பேரில் ஒருவருக்கும் இது தெரியவில்லை. 4,000 அதிர்வுக்கு அப்பால் ஒன்றும் கேளாத காதுக்குத் தெரிந்தது. இடமறிவதற்கும் தொப்பியை அறிவதற்கும் வேண்டிய பகுதி அவருக்கு இன்னும் பழுதாகவில்லை. அதில் அறுபது வருடப் பழக்கமும் சேர்ந்திருந்தது.

வயரை மாற்றிப் பூட்டிவிட்டு, மீண்டும் முதலிலிருந்து போட்டேன்.

ஐயா இம்முறை கண்ணை மூடவில்லை. அலுமாரியின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தார். வலக்கை தொடைமேல் தாளம் போடத் தொடங்கியது. நாலாம் எண்ணிக்கையில் நான் தவறவிட்டதை ஓரக்கண்ணாற் கவனித்து, விரலை உயர்த்தித் திருத்தினார். கரையோரப் புகையிரதம் இரைந்துகொண்டு போயிற்று. அது கடக்கும் வரையில் பாட்டை நிறுத்தும்படி கை காட்டினார். தம்புராவின் மேலே மினுங்கும் அந்தச் சன்னமான ரீங்காரம் அவருக்குக் கேட்கவில்லையாம், "உனக்குக் கேக்குதோ பிள்ளை?" என்று மகளிடம் விசாரித்தார். கேட்கிறது என்றாள். "எப்பிடி இருக்குது, சொல்லு" என்றார். அவள் கொசுவைப் போல என்றாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டும் வெகுகாலமாகியிருந்தது.

இப்பொழுது ஒவ்வொரு நாளும் மாலை ஐந்து மணிக்கு ஒரு கச்சேரி நடக்கிறது. புகையிரதத்துக்கு மட்டும் இடைவேளை. சென்ற மாதம் மனைவி அலுமாரியைத் துடைக்கையில், இரு பெட்டிகளுக்கும் நடுவே இடம் நெருக்கமாயிருக்கிறது, அம்மாவின் படத்தைச் சுவாமி அறைக்கு மாற்றலாமா என்று கேட்டாள்.

"வேண்டாம் பிள்ளை. அவ அங்கையே இருக்கட்டும். பாட்டு அங்கையிருந்துதான் வருது" என்றார் ஐயா.